நிற்கக் கூடாத தெரு

எங்க அய்யா சைக்கிள் வாங்கியது 1974இல். பழைய சைக்கிள். அதை அவர் ஓட்டியதைவிடத் தள்ளியதுதான் அதிகம். எங்கள் ஊர் மேலூர்ப் பக்கம். எங்கள் சேரிக்கும் தார் ரோட்டுக்கும் நடுவில் ஊர்த்தெரு இருக்கிறது. தெருமுனை வந்ததும் இறங்குவார். செருப்பைக் கழற்றிக் கேரியரில் வைப்பார். தோளில் கிடக்கிற துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு தள்ளுவார். நானும் இறங்கி நடக்க வேண்டும். ஏன்யா இறங்குறோம் என்று ஒருநாள் கேட்டேன். "மேடுடா, மிதிக்க முடியாது" என்றார். பத்து வயசு வரைக்கும் அந்தத் தெரு மேடு என்றே நம்பிக்கொண்டிருந்தேன்.

தொண்ணூறுகளில் கொஞ்சம் மாறியது. அம்பேத்கர் நூற்றாண்டையொட்டி எங்கள் பையன்கள் மன்றம் வைத்தார்கள். சைக்கிளில் உட்கார்ந்தபடியே தெருவில் போனார்கள். இரண்டு தடவை அடிதடி ஆனது. பிறகு சைக்கிளைக் கண்டும் காணாமல் விட்டார்கள். டிவிஎஸ் 50ஐயும் விட்டார்கள். அதில் எங்கள் ஆட்கள் புல்லுக்கட்டும் உரமூட்டையும் அவர்கள் வயலுக்கே கொண்டுபோனார்கள். சுமை இழுக்கிற வண்டி எங்களிடம் இருப்பதில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை. வேகமாகப் போவதற்கென்றே செய்த வண்டிதான் எங்களிடம் இருக்கக் கூடாது. இதை யாரும் எழுதி வைக்கவில்லை. எல்லோருக்கும் தெரியும்.

யமஹா ஆர்எக்ஸ் 100 அப்படிப்பட்ட வண்டி. 1985 முதல் 1996 வரை இந்தியாவில் தயாரானது. 98 சிசி, டூ ஸ்ட்ரோக், 11 குதிரைத்திறன். எடை நூறு கிலோவுக்குக் கொஞ்சம்தான் மேலே. ஆக்சிலேட்டரைத் திருகினால் பின்னால் யாரோ பிடித்துத் தள்ளுகிற மாதிரி இருக்கும். ஊர்த்தெருவில் மூன்று வீட்டில் அது இருந்தது. அந்தச் சத்தம் கேட்டால் எங்கள் பெண்கள் ரோட்டை விட்டுக் கீழே இறங்கி நிற்பார்கள். அந்தச் சத்தத்தின் மேல் எனக்கு வெறுப்பும் இருந்தது, ஆசையும் இருந்தது. மறைத்து என்ன ஆகப்போகிறது.

நான் ஐடிஐயில் ஃபிட்டர் படித்தவன். மேலூரில் ஒரு லேத் பட்டறையில் தினக்கூலி. 2000ஆம் வருஷம் மதுரையில் ஒரு புரோக்கர் மூலமாக 1989 மாடல் ஆர்எக்ஸ் 100 ஒன்று வந்தது. மீட்டர் 86,000 கிலோமீட்டர் காட்டியது. விலை எட்டாயிரம். அம்மாவின் தோட்டை அடகு வைத்தோம். புரோக்கர் ஆர்சி புக்கைக் கையில் வைத்துக்கொண்டே, "தம்பி, ஊருக்குள்ளயா, காலனியா?" என்று கேட்டார். காலனி என்றேன். "எதுக்கு தம்பி வம்பு, டிவிஎஸ் ஒண்ணு இருக்கு, அதப் பாருங்களேன்" என்றார். நல்ல மனுசன்தான். அவருக்கும் தெரிந்திருந்தது.

வண்டியை மினி லாரியில் ஏற்றி ராத்திரியில் கொண்டுவந்தேன். பகலில் தள்ளிக்கொண்டு வர மனசில்லை. ஓட்டிக்கொண்டு வர வண்டியில் உயிரில்லை. கிக்கர் வழுக்கியது. ஸ்டார்ட் ஆனால் வெள்ளைப் புகை. கியர் ஆயில் ஊற்ற ஊற்றக் குறைந்தது. கிராங்க் ஆயில் சீல் போய்விட்டால் எஞ்சின் கியர் ஆயிலை உறிஞ்சி எரிக்கும். அதுதான் அந்தப் புகை. மெக்கானிக்கிடம் விடலாமே என்றார்கள். மெக்கானிக் கடை ரோட்டோரம், ஊர்த்தெரு ஆட்கள் உட்கார்ந்து பேசுகிற இடம். அதோடு எனக்கு வேறொரு கணக்கும் இருந்தது. இந்த வண்டி அந்தத் தெருவில் ஒருநாளும் நின்றுவிடக் கூடாது. நின்றால் எதனால் நின்றது என்று அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

தொகுப்பு வீடு, ஒரே அறை. சாக்கை விரித்து எஞ்சினை இறக்கினேன். சாமான்களைச் சாப்பிடுகிற தட்டில் மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவியதற்கு அம்மாவிடம் வாங்கிய பேச்சு கொஞ்சமில்லை. ஹெட்டைக் கழற்றினால் கார்பன் அப்பிக் கிடந்தது. சிலிண்டர் ஏற்கெனவே ஒரு தரம் போர் போட்டது. பிஸ்டன் தலையில் 0.50 என்று அடித்திருந்தது. அடுத்தது 0.75. அதற்கும் மேலே ஒன்றே ஒன்றுதான். அதற்குப் பிறகு வேறு சிலிண்டர்தான் தேட வேண்டும். தேய்ந்தவனுக்கு எத்தனை தரம் உயிர் கொடுக்கலாம் என்று கணக்கு வைத்துத்தான் செய்திருக்கிறார்கள்.

ரிங், பிஸ்டன் மாற்றினால் போதும் என்று நினைத்திருந்தேன். பிரிப்பதற்கு முன் கடைசியாக ஒருமுறை ஓட விட்டபோது அய்யா திண்ணையிலிருந்து சொன்னார்: "மேல வர்ற சத்தம் வேற, அடியில வர்ற சத்தம் வேறடா. அடியில எதுவோ லொடலொடங்குது." அய்யா தப்படித்தவர். சாவுக்கும் திருவிழாவுக்கும் அடித்து, 1987இல் இனி அடிக்க மாட்டேன் என்று தூக்கிப் போட்டவர். தீயில் காய்ச்சித் தட்டிப் பார்த்து, தோல் எங்கே தொய்ந்திருக்கிறது என்று காதாலேயே சொல்லுவார். பிரித்துப் பார்த்தேன். கிராங்கின் பிக்எண்ட் பேரிங் போய், ராடு மேலும் கீழும் ஆடியது. அப்படியே மூடியிருந்தால் புதுப் பிஸ்டனும் சேர்ந்து போயிருக்கும். அவருடைய காதை அதுவரை யாரும் அறிவு என்று சொன்னதில்லை. நானும் சொன்னதில்லை.

ராடு கிட், ஆயில் சீல், கிளட்ச் பிளேட், செயின் என்று கூலியில் மிஞ்சியதைச் சேர்த்து ஒவ்வொன்றாக மதுரைக்குப் போய் வாங்கி வந்தேன். கிராங்கைப் பிரஸ்ஸில் ஏற்றியதும் போர் போட்டதும் மட்டும் வெளியே. மற்றதெல்லாம் வீட்டில்தான். சைலன்சருக்குள் இருந்த குழாயை உருவி விறகடுப்பில் போட்டுக் கார்பனை எரித்தபோது தெருவே இருமியது. காலனிப் பையன்கள் சுற்றி உட்கார்ந்து பார்த்தார்கள். எட்டாவது படித்துக்கொண்டிருந்த ஒருவன் பிளக் கேப் வைக்கக் கற்றுக்கொண்டான். இப்போது அவன் சொந்தப் பட்டறை வைத்திருக்கிறான். ஐந்து மாசம் ஆனது. முதல் கிக்கில் இல்லை, ஒன்பதாவது கிக்கில் பிடித்தது.

புது போர் போட்ட எஞ்சினை முதல் ஆயிரம் கிலோமீட்டர் விரட்டக் கூடாது. நாற்பது, ஐம்பதுக்குள் ஓட்ட வேண்டும். இதில் ஒரு வேடிக்கை. வேகமாகப் போனால் திமிர் என்பார்கள். மெதுவாகப் போனால், "என்னடா, ஊர்கோலமா?" என்றார்கள். எந்த வேகத்தில் போனாலும் குற்றம் எங்கள் பக்கம்தான்.

மூன்றாவது மாசம் அது நடந்தது. அய்யாவை ஏற்றிக்கொண்டு ரேஷன் கடைக்குப் போனேன். வண்டியை வெளியே நிறுத்திவிட்டு அரைமணி நேரம் வரிசையில் நின்றோம். திரும்பி வரும்போது ஊர்த்தெரு நடுவில், சாவடிக்கு நேர் எதிரே, வண்டி கீச்சென்று இழுத்துப் பின் சக்கரம் இறுகி நின்றுவிட்டது. பிஸ்டன் ஜாம். சாவடியில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். ஒருவன் சிரித்தான். "தள்ளுங்கடா, பழக்கமான வேலைதான" என்றான்.

அய்யா இறங்கினார். அவர் கை தானாகத் தோள் துண்டுக்குப் போனது. "தள்ளிட்டுப் போயிருவோம்டா" என்றார் மெதுவாக. நான் குனிந்து ஆயில் பம்பைப் பார்த்தேன். ஆர்எக்ஸ் 100இல் டூ ஸ்ட்ரோக் ஆயிலைப் பெட்ரோலில் கலக்க வேண்டியதில்லை. தனி டேங்கிலிருந்து சின்ன டியூப் வழியாகப் பம்ப்புக்கு வரும். பம்ப் எஞ்சினுக்குக் கொடுக்கும். அந்த டியூபை உருவி, ஆயில் சொட்டித் தரையில் தெரியாமலிருக்க ஒரு வேப்பங்குச்சியைச் சொருகியிருந்தார்கள். வண்டியைத் தெரிந்தவன் செய்த வேலை. எங்கே நிற்கும் என்றும் கணக்குப் போட்டிருப்பான்.

ஜாமான பிஸ்டன் சூடு ஆறினால் பெரும்பாலும் விட்டுக்கொடுக்கும். கால் மணி நேரம் ஆகும். "தள்ள வேணாம்யா, ஆறட்டும்" என்றேன். என் குரல் நடுங்கியது எனக்கே கேட்டது. அந்தக் கால் மணி நேரம் அந்தத் தெருவில் நின்றோம். 1997 ஜூன் 30இல் மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனோடு ஆறு பேரை, அவர்கள் வந்த பஸ்ஸை மறித்துத்தான் வெட்டினார்கள். எங்கள் பக்கத்து ஊர்கள்தான் அதெல்லாம். வண்டி நிற்கிற இடம் என்றால் எங்களுக்கு என்ன அர்த்தம் என்பது இதைப் படிக்கிற உங்களுக்குப் புரியும்.

பிளக்கைக் கழற்றினேன். அய்யா கை நீட்டி வாங்கினார். தோளில் கிடந்த துண்டை எடுத்து, இடுப்பில் கட்டாமல், பிளக்கைத் துடைத்தார். டியூபிலிருந்து ஆயிலைப் பிடித்துப் பிளக் ஓட்டையில் விட்டேன். பம்ப்புக்குள் காற்று ஏறியிருக்கும் என்பதால் பெட்ரோல் டேங்கிலும் கொஞ்சம் ஆயில் ஊற்றினேன். கிக்கரைக் கையால் அமுக்கினேன். அசைந்தது. ஏழாவது கிக்கில் எடுத்தது. இருபது கிலோமீட்டர் வேகத்தில் உருட்டிக்கொண்டு காலனி வந்து சேர்ந்தோம். "அந்தத் தெருவுல அவ்வளவு நேரம் நான் நின்னதே இல்லடா" என்றார் அய்யா. வேறு எதுவும் சொல்லவில்லை.

அதோடு முடியவில்லை. அந்த அறுப்புக்கு எங்கள் வீட்டாரை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. அம்மா வெளியூருக்கு அறுக்கப் போனார். போலீஸ் ஸ்டேஷனில், "வண்டி ரிப்பேருக்கெல்லாம் வன்கொடுமைச் சட்டமா?" என்று கேட்டார்கள். 1989ஆம் வருஷச் சட்டம், நான் வாங்கிய வண்டிக்கு அதே வயசு. வண்டியை நான் ஓடவைத்துவிட்டேன். சட்டத்தை ஓடவைக்க அந்த ஸ்டேஷனில் யாரும் தயாராக இல்லை.

அம்பேத்கர் தம் வாழ்க்கைக் குறிப்புகளில் 1929இல் சாலிஸ்காவ்னில் நடந்ததை எழுதியிருக்கிறார். தீண்டப்படாதவரை ஏற்றி ஓட்ட டோங்காக்காரன் எவனும் வரவில்லை. அவரை நடக்கவைக்க அங்கிருந்த மகார்களுக்கு மனசில்லை. வண்டியை மட்டும் வாடகைக்கு எடுத்து, ஓட்டிப் பழக்கமில்லாத தங்களில் ஒருவரையே ஓட்ட வைத்தார்கள். பாலத்தருகே டோங்கா விபத்துக்குள்ளாகி அம்பேத்கர் கல்தரையில் தூக்கி எறியப்பட்டார். கால் முறிந்தது. இதைப் படிக்கும்போதெல்லாம் அந்த ஓட்டுநரைத்தான் நினைப்பேன். மரியாதை நிறைய இருந்தது. ஓட்டுகிற வித்தையை அவருக்கு யாரும் கற்றுத்தரவில்லை. வண்டி நம் கைக்கு வந்தால் மட்டும் போதாது. அதன் உள்ளும் புறமும் நமக்குத் தெரிய வேண்டும்.

2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டத்தில் ஒரு தலித் கல்லூரி மாணவரின் கைகளை வெட்டினார்கள். புல்லட் ஓட்டியதற்காகத்தான் வெட்டினார்கள் என்று குடும்பத்தார் சொன்னார்கள். கால்களை அல்ல, கைகளை. ஆக்சிலேட்டரைத் திருகுகிற கை, ஸ்பேனர் பிடிக்கிற கை.

என் வண்டி இன்னும் ஓடுகிறது. ஆர்எக்ஸ் 100க்கு இப்போது மவுசு. நான் கொடுத்த விலைக்குப் பல மடங்கு தருகிறேன் என்று ஊர்த்தெருவிலிருந்தே ஒருவர் கேட்டு வந்தார். கொடுக்கவில்லை. அய்யா இறந்து ஒன்பது வருஷம் ஆகிறது. அந்தச் சம்பவத்துக்குப் பிறகு ஆயில் பம்பை அடைத்துவிட்டேன். ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 40 மில்லி ஆயிலை நானே அளந்து கலக்கிறேன். உருவுவதற்கு அங்கே டியூபே இல்லை. ஆனாலும் எங்கேயாவது நிறுத்திவிட்டு வந்து கிக்கரில் கால் வைப்பதற்கு முன்னால் குனிந்து, விரலால் அந்த இடத்தைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் ஏறுகிறேன்.