கல்லை வளர்க்கும் அருவி
யாங்கோனிலிருந்து வடக்கே – 4

டெல்டாவின் ஈரப் புழுக்கத்தில் வாழும் யாங்கோன்காரர்களுக்கு, மேம்யோ என்று சொன்னாலே குரலில் ஒரு குளிர்ச்சி வந்துவிடும். இப்போது அந்த ஊருக்குப் பெயர் பியின் ஊ லுவின். ஷான் பீடபூமியின் விளிம்பில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,070 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 2018 டிசம்பரில், அவுங் மிங்கலார் நிலையத்தில் மாலை பஸ் பிடித்து விடியலில் மாண்டலேயில் இறங்கினோம். அங்கிருந்து ஷேர் டாக்ஸி. கூட வந்தவர் யாங்கோனிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்த் தம்பி.

மேம்யோவுக்குச் சற்று முன்னால் வரும் கிராமம் அனிசகான். மண் செக்கச்செவேல் என்றிருக்கிறது. ஓடும் தண்ணீரோ பளிங்கு. சுண்ணாம்புக்கல் கரைந்து போக, கரையாத இரும்பும் களியும் மிஞ்சி இந்தச் செம்மண் ஆகிறது. மழைநீர் மேலே தங்காமல் வெடிப்புகளில் இறங்கி, பாறைக்குள் சுற்றிவிட்டு ஊற்றாக எட்டிப் பார்க்கிறது. அப்படிச் சேர்ந்த ஓடைதான் மேட்டு நிலத்தில் சாதுவாக வந்து, திடீரென்று தரை முடியும் இடத்தில் தலைகீழாகப் பாய்கிறது. தட்டோஜாய்க் அருவி. பல அடுக்குகளாக ஏறத்தாழ 120 மீட்டர் வீழ்ச்சி.

பாதை செங்குத்து. கன்னத்தில் தனகா மரப்பட்டைக் குழைவு பூசிய ஒரு சிறுமி, குளிர்பானப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நாங்கள் கேட்காமலே பின்னால் வந்தாள்.

“வேணாம்னு சொல்லிடலாமா?” என்றேன்.

“இறங்கும்போது அப்படித்தாண்ணே தோணும். ஏறும்போது நீங்களே கூப்பிடுவீங்க” என்றார் தம்பி.

கீழே போய் அண்ணாந்தபோது, அருவிக்குப் பின்னால் இருந்த பாறைதான் முதலில் கண்ணைப் பிடித்தது. திரைச்சீலை மடிப்பு மடிப்பாகத் தொங்குவது போன்ற பாறை. ஓரத்தில் தெறிப்பு நனைத்த கல் ஒன்றைத் தொட்டேன். மேலே பச்சைப் பாசி, மிருதுவாக. அதன் அடியில் பாதி கல்லாகிப்போன பாசி, விரல் பட்டால் நொறுங்கியது. அதற்கும் அடியில் முழுக் கல். நடுவே ஓர் இலை அகப்பட்டிருந்தது. இலை மக்கிப்போய்விட்டது, நரம்புகள் மட்டும் அச்சாகத் தங்கியிருந்தன.

மழைநீர் மண்ணில் இறங்கும்போது அங்குள்ள கரியமில வாயுவை வாங்கிக்கொண்டு லேசாகப் புளித்த நீராகிறது. அந்தப் புளிப்பு சுண்ணாம்புக்கல்லைக் கரைத்து எடுத்துக்கொள்கிறது. அருவியில் விழுந்து சிதறும்போது வாயு காற்றோடு போய்விடும். பாசியும் தன் பங்குக்கு அதை இழுத்துக்கொள்ளும். சுண்ணாம்பைத் தாங்கும் சக்தியை இழந்த நீர், அதைப் பாசி மேலும் சுள்ளி மேலும் படியவிட்டுப் போகிறது.

குற்றாலத்துப் பாறை இப்படிக் கரைவதில்லை. அங்கே தண்ணீர் தேய்க்கத்தான் செய்கிறது. நயாகரா தன் பாறையை அரித்து அரித்து, சுமார் 12,000 ஆண்டுகளில் 11 கிலோமீட்டர் பின்வாங்கியிருக்கிறது. இங்கே கதை வேறு: மேட்டில் கரைத்ததை விளிம்பில் கொண்டுவந்து பூசி, தன் பாறையைத் தானே முன்னால் வளர்த்துக்கொள்கிறது இந்த ஓடை. குரோஷியாவின் பிளிட்விட்சே ஏரிகளைத் தேக்கி வைத்திருக்கும் தடுப்புகளும் இதே வேலைப்பாடுதான். அழகுக்குக் காரணமும் அதுவே, ஆபத்தும் அதுவே. மேலே காட்டை அழித்தால் மண்ணில் வாயு குறையும், வண்டல் வந்து பாசியை மூடும். பூச்சு வேலை நின்றுவிடும்.

பர்மா இந்தியாவோடு சேர்ந்திருந்த காலத்தில், இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் லா டூஷ் இந்த மலைகளை அளந்து திரிந்தார். வடக்கு ஷான் நாடுகளைப் பற்றி 1913இல் வெளிவந்த ஆய்வேட்டில் மேட்டில் கரையும் அந்தப் பாறையைப் ‘பீடபூமிச் சுண்ணாம்புக்கல்’ என்றே குறிப்பிடுகிறார்.

ஏறும்போது தம்பி சொன்னதுதான் நடந்தது. பாதி வழியில் சிறுமியைக் கூப்பிட்டேன். சொன்ன விலைக்குப் பேரம் பேச மூச்சில்லை.

அடுத்த வாரம் லாஷியோ ரயிலில் கொக்டெய்க் பாலம். 1901இல் திறக்கப்பட்ட, 102 மீட்டர் உயர இரும்புப் பாலம் அது. அதன் அடியில் ஓடும் ஆறும் சுண்ணாம்பு நாட்டுப் பிள்ளைதான். ஆனால் கல்லைப் பூசுகிற பொறுமை அதற்கில்லை. பாறையைக் குடைந்துகொண்டு உள்ளே புகுந்துவிடுகிறது.

(பயணம் தொடரும்)