நோயின் பெயரும் நோயாளியின் மொழியும்

கலைச்சொல்லாக்கம் பற்றிப் பேசும்போது நாம் பெரும்பாலும் பாடநூலையும் விரிவுரை மண்டபத்தையுமே மனத்திற் கொள்கிறோம். ஒரு சொல் தமிழ் மரபுக்கு இயைந்ததா, மூலச்சொல்லின் பொருளை முற்றாகத் தருவதா என்பனவே நம் விவாதங்களின் பொருளாக உள்ளன. அச்சொல்லை நம்பித் தம் உடலைப் பிறர் கையில் ஒப்படைக்க வேண்டியவர் ஒருவர் உளர் என்பதை நாம் அரிதாகவே நினைக்கிறோம். எனக்கு இவ்வெண்ணம் நூல்களால் வந்ததன்று. என் பெரியம்மாவின் கீழ்த்தாடையில் தோன்றிய ஒரு கட்டியால் வந்தது.

அக்கட்டி நோகவில்லை. இடப்புறக் கடைவாய்ப் பக்கம் சிறிது சிறிதாகப் பருத்து வந்தது. பல் ஒன்று ஆடத் தொடங்கிய பின்னரே அவர் வைத்தியரை நாடினார். எக்ஸ்-கதிர்ப் படத்தில், சவர்க்கார நுரையின் குமிழிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடப்பது போன்ற நிழல்கள் என்பினுள்ளே தெரிந்தன. ஆயினும் படத்தை மாத்திரம் கொண்டு நோயைத் துணிதல் இயலாது. முளைக்காத பல்லைச் சூழ்ந்து உண்டாகும் நீர்ப்பைகளும் வேறு சில தாடைக் கட்டிகளும் படத்தில் ஏறத்தாழ இவ்வாறே தோற்றக்கூடும். ஆகவே கட்டியின் சிறு துண்டொன்றை வெட்டியெடுத்து நுணுக்குக்காட்டியின் கீழ் ஆராய்ந்தனர். 'அமெலோபிளாஸ்டோமா' என்று முடிவு வந்தது. ஆண்டொன்றில் பத்து இலட்சம் பேருள் ஒருவருக்கு வருவதே அரிதான நோய் இது.

இந்நோயின் பெயருக்கும் ஒரு வரலாறு உண்டு. பல் முளைப்பதற்கு முன்னர், அதன் வன்மையான மேலுறையாகிய மிளிரியை ஆக்கும் உறுப்பொன்று தாடையினுள்ளே உருவாகிறது. வேலை முடிந்ததும் அது அழிந்துவிடினும், அதன் எச்சங்கள் சில தங்கிவிடுவதுண்டு. கட்டியின் கலங்கள் அவ்வுறுப்பின் கலங்களையே ஒத்திருக்கின்றன. வெளிப்புறத்தே தூண் போன்ற கலங்கள் வரிசையாக நிற்க, உள்ளே விண்மீன் வடிவக் கலங்கள் நெகிழ்ந்து பரந்திருக்கும். ஆனால் மிளிரி ஒரு துளியும் உண்டாவதில்லை. ஆக்கும் தொழிலை மறந்து பெருகும் தொழிலை மாத்திரம் நினைவிற் கொண்ட கலங்கள் அவை எனலாம். 1885இல் பிரெஞ்சு அறிஞர் மலாசே செய்த ஆய்வின் வழியே இக்கட்டி நெடுங்காலம் 'அடமன்ரினோமா' என வழங்கிற்று. வன்மையான பொருளைக் குறிக்கும் அப்பெயர் மிளிரியே இல்லாத கட்டிக்குப் பொருந்தாமையால், 1930இல் ஐவியும் சேர்ச்சிலும் இன்றைய பெயரை முன்வைத்தனர். மேலைத்தேயத்தார்க்கும் ஒரு நோய்க்கு ஏற்ற பெயரைக் காண அத்தனை காலம் சென்றது.

வைத்தியசாலையில் நிபுணரின் ஆங்கிலத்துக்கும் பெரியம்மாவின் யாழ்ப்பாணத் தமிழுக்கும் இடையில் நானே நின்றேன். அங்கு கொடுக்கப்பட்ட தமிழ்த் துண்டுப் பிரசுரத்தில் 'தீங்கற்ற கட்டி' என்று அச்சிட்டிருந்தது. அவ்வரியைப் படித்த பெரியம்மாவின் முகம் மலர்ந்தது. தாடையின் ஒரு பகுதியை நீக்க வேண்டும் என்று நிபுணர் கூறியதை நான் எடுத்துச் சொன்னபோது அம்மலர்ச்சி மறைந்தது.

"தீங்கில்லாததெண்டால் ஏன் பிள்ளை தாடையை வெட்டவேணும்? வா, வீட்டை போவம்."

இக்கேள்வியில் அறியாமை சிறிதும் இல்லை. சொல்லின் பொருளை உள்ளவாறே உணர்ந்த ஒருவர் கேட்கவேண்டிய கேள்வி இதுவே. வைத்தியர் 'தீங்கற்றது' எனக் கருதுவது, பொதுவாக உடலின் வேறிடங்களுக்குப் பரவாதது என்பதையே. இருக்கும் இடத்தில் அது செய்யும் கேட்டை அச்சொல் மறைத்துவிடுகிறது. படத்தில் தெரியும் எல்லைக்கு அப்பாலும் என்பின் நுண்ணறைகளுக்குள் இக்கட்டி ஊர்ந்து செல்கிறது. சுரண்டி எடுத்தால் எஞ்சிய கலங்கள் மீண்டும் வளரும்; பத்தாண்டு கழிந்த பின்னும் தலைகாட்டும். எனவேதான் தெரியும் எல்லையிலிருந்து 1 முதல் 2 சென்ரிமீற்றர் வரை நல்ல என்பையும் சேர்த்து நீக்குகின்றனர். நீக்காது விட்டால் முகத்தைச் சிதைத்து, உண்ணவும் மூச்சுவிடவும் தடையாக வளர்ந்துவிடும்.

"பெரியம்மா, இது உடம்பில வேறிடத்துக்கு ஓடாது, ஆனால் இருக்கிற இடத்தை விட்டுப் போகவும் மாட்டுது. மேலால சுரண்டினால் திரும்ப வரும்" என்றேன்.

அவர் சற்று நேரம் பேசாதிருந்தார். வெங்காயத் தோட்டத்தில் வாழ்நாளைக் கழித்தவர் அவர். "அப்ப கோரை எண்டு சொல்லு. கோரையைப் புடுங்கிப் பயனில்லை, கிழங்கோடைதான் கிண்டவேணும்" என்றார். சம்மதமும் அவ்வாக்கியத்திலேயே அடங்கியிருந்தது.

முழங்காலின் கீழுள்ள இரு என்புகளுள் மெல்லியதன் ஒரு பகுதியைக் குருதிக்கலன்களோடு எடுத்துத் தாடையில் பொருத்தினர். 1975இல் ரெய்லர் என்னும் அவுஸ்திரேலிய நிபுணர் வெளியிட்ட இம்முறையை, 1989இல் அமெரிக்காவில் ஹிடல்கோ தாடைக்கு ஏற்றவாறு விரிவாக்கினார். பெரியம்மா இன்று உண்கிறார், பேசுகிறார். கீழுதட்டின் இடப்பாதி உணர்விழந்திருக்கிறது. பரிசோதனைக்கு ஆண்டுதோறும் செல்லவேண்டும். இக்கட்டிகள் பலவற்றில் 'பிறாஃப்' என்னும் பரம்பரையலகில் விகாரம் உள்ளதென 2014இல் அறியப்பட்டது. அதனைத் தடுக்கும் மருந்துகளால் சிலரது கட்டி சுருங்கியுமுள்ளது. எனினும் சத்திரசிகிச்சையே இன்றும் முதன்மையான வழி.

1847இல் யாழ்ப்பாணம் வந்த வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயிலே மாணவர்க்குத் தமிழில் மேலைத்தேய மருத்துவம் கற்பித்தார். மருத்துவ நூல்களைத் தமிழாக்குவித்தார். அவர் தமிழை நாடியதற்குக் காரணம் மொழிப்பற்று மாத்திரமன்று. கற்ற மருத்துவர் ஊராரிடையே இருந்து ஊராரின் மொழியிற் பேசவேண்டும் என்பதே அவர் கருத்து. அம்மரபின் வழிவந்த நாம் சொற்பட்டியல்கள் பல தொகுத்தோம். அச்சொற்களை நோயாளியின் செவியில் வைத்துச் சோதித்தோமா என்பதே என் வினா.

'தீங்கற்ற' என்பதை அகற்றிவிட்டுக் 'கோரை' என்பதைக் கலைச்சொல்லாக்க வேண்டும் என்று நான் வாதிடவில்லை. 'பரவாத கட்டி' என்பதே உண்மைக்கு அண்மையானது என்பது என் துணிபு. அது கட்டி செய்யாததைக் கூறுமேயன்றிச் செய்வதை மறைக்காது. தமிழைச் சிறப்புப் பாடமாகப் பயில்வோரும் மருத்துவ, பல்மருத்துவ பீட மாணவரும் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து இத்தகைய சொற்களை ஒவ்வொன்றாக ஆராய்தல் நம் சங்கம் எளிதில் மேற்கொள்ளக்கூடிய பணியாகும். அம்மேசையில் வெங்காயத் தோட்டத்திலிருந்து வந்த ஒருவருக்கும் ஓர் இருக்கை இடுவோமாக.