நிலவு மண் நம் மண்!

தேய்வது தக்கன் இட்ட சாபத்தால். மறைவது இராகு என்னும் பாம்பு விழுங்குவதால்! நிலவைப்பற்றி நம்மவர்க்கு நெடுங்காலமாய்க் கூறப்பட்டுவந்த கதை இது. கிரகணம் என்றால் கருவுற்ற பெண்ணை அறைக்குள் அடைத்துவைக்கும் வீடுகள் நாம் ஆசிரியப்பணி புரியும் இந்த மண்ணரையிலே இன்றும் உண்டு. ஐரோப்பாவுக்குப் பனியன் அனுப்புவோர் வீடுகளும் அவற்றுள் அடக்கம்!

அந்த நிலவிலே மனிதன் இறங்கினான். 1969 ஜூலையிலே ஆர்ம்ஸ்ட்ராங்கும் ஆல்ட்ரினும். 1972 டிசம்பருக்குள் மொத்தம் 12 பேர். பாம்பைக் கண்டவர் ஒருவருமில்லை. கொண்டுவந்தது 382 கிலோ கல்லும் மண்ணும். பின் ஏன் நின்றது பயணம்? அறிவு போதும் என்று கருதியா? அன்று! சோவியத்து நாட்டை முந்தவேண்டும் என்பதே முதல் நோக்கம், முந்தியாயிற்று, முடித்தாயிற்று. அடுத்துச் செல்லவிருந்த மூன்று கலங்கள் கைவிடப்பட்டன. சென்றவர்களிலே பாறைகளைப் பற்றி முறையாகப் பயின்ற அறிஞர் ஹாரிசன் ஷ்மிட் ஒருவரே. அவர் ஏறியதோ கடைசிக் கலத்திலே! கொடி நட்டவர் முதலில், கல்லைக் கற்றவர் கடைசியில்!

1971-இல் அப்போலோ 15 கொண்டுவந்த வெள்ளைக்கல் ஒன்று உண்டு. அனார்த்தசைட்டு என்பர், ஏறத்தாழ 400 கோடி ஆண்டு வயது. நிலவு பாறைக்குழம்பாய் உருகிக் கிடந்த நாளிலே, பாலின்மேல் ஆடை படிவதுபோல், எடை குறைந்த பொருள் மேலே மிதந்து இறுகியது. நாம் காணும் வெண்ணிற மேட்டுநிலம் அதுவே. அதே இனக் கல் நமக்கு அருகே எங்கே கிடக்கிறது, தெரியுமா தோழர்களே? காவிரிக்கு அக்கரையிலே, நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியிலும் குன்னமலையிலும்! நிலவில் இறங்கும் கலத்தின் கால் புதையுமா, ஊர்தியின் சக்கரம் சறுக்குமா என்று சோதிக்க, இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் அவ்வூர்க் கல்லைத்தான் பொடியாக்கிப் பரப்பியது. சேலத்துப் பெரியார் பல்கலைக்கழகத்து அறிஞர்கள் துணைநின்றனர். பெயர்ப் பொருத்தம் பாரீர்!

2019-இல் அனுப்பிய கலம் வீழ்ந்து நொறுங்கியது. ஏன் என்று ஆராய்ந்தனர். கணிப்பொறி நிரலைத் திருத்தினர், கால்களை வலுப்படுத்தினர். 2023 ஆகஸ்டு 23 அன்று சந்திரயான்-3 தென்முனைப் பகுதியிலே இறங்கிற்று. ஏவுமுன் அதன் சிற்றுருவைத் திருப்பதிக்கு எடுத்துச்சென்றவர்களும் உண்டு. என்றாலும் இறக்கியது திருத்தமே! அத்திட்டத்தின் இயக்குநர் வீரமுத்துவேல், விழுப்புரத்து இரயில்வே தொழிலாளியின் மகன். 2008-இல் சென்ற முதற்கலத்தின் இயக்குநர் மயில்சாமி அண்ணாதுரை, பொள்ளாச்சிப் பக்கம் கோதவாடியிலே தமிழ்வழிக் கல்வி கற்றவர்.

இவற்றை வகுப்பிலே கூறியபோது ஒரு மாணவி எழுந்தாள். தாய் பனியன் கம்பெனியிலே பிசிர் வெட்டுபவர். பத்தாம் வகுப்போடு மகளையும் அங்கே அனுப்பிவிடலாம் என்று வீட்டிலே பேச்சு.

"அந்தப் பன்னிரண்டு பேருல பொம்பள எத்தன பேரு சார்?"

ஒருவருமில்லை என்றோம். ககன்யான் பயணத்துக்கென 2024-இல் அறிவிக்கப்பட்ட நால்வரிலே? சென்னையிலே பிறந்த அஜித் கிருஷ்ணன் உண்டு, பெண் இல்லை. விமானப்படையின் சோதனை ஓட்டிகளிடையே மட்டும் தேடினார்கள். அந்த வரிசைக்குள்ளேயே பெண்ணை விடாதவர்கள், பிறகு அங்கே பெண்ணைத் தேடினால் கிடைப்பாளா?

பின் வாலண்டினா தெரஸ்கோவாவைப் பற்றிச் சொன்னோம். தந்தை போரிலே மாண்டார். தாய் பஞ்சாலைத் தொழிலாளி. மகளும் நெசவாலைக்கே சென்றாள், வேலை பார்த்துக்கொண்டே படித்தாள், பாராசூட்டில் குதிக்கப் பழகினாள். 1963 ஜூன் 16 அன்று விண்ணேறி, புவியை 48 முறை வலம்வந்தாள். உலகின் முதல் விண்வெளிப் பெண் ஓர் ஆலைத் தொழிலாளி!

வகுப்பு சற்றுநேரம் பேசவில்லை. வரும் மாதம் சித்தம்பூண்டிக்கு மாணவரை அழைத்துச்செல்ல வண்டி பேசியிருக்கிறோம். சனிக்கிழமை சம்பளம் வாங்கிவரும் தாயிடம் அன்றிரவே கையெழுத்து வாங்கிவிடுவதாகச் சொல்லி, படிவத்தை மடித்துப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டாள் அவள்.