ஒன்றாக அமர்வோம்

மருத்துவமனை என்றதும் நம் மனக்கண்முன் தோன்றுபவர் மருத்துவர் ஒருவரே. அவர் எழுதும் சீட்டுக்குப் பின்னே செவிலியர் உண்டு, மருந்தாளுநர் உண்டு, இயன்முறை மருத்துவர் உண்டு, சோதனைச் சாலையில் எங்களைப் போன்றோரும் உண்டு. நோயாளியின் உயிர் இத்தனை கைகளையும் நம்பியிருக்கிறது. ஆயினும் படிக்கும் காலத்தில் நாங்கள் ஒருவரையொருவர் அறிவதில்லை. வகுப்பு வேறு, விடுதி வேறு, உணவுக்கூடத்து மேசையும் வேறு!

மருத்துவ உயிர்வேதியியல் பயில வடக்கே வந்த எனக்கு, சென்ற ஆண்டு இந்தச் சுவர் சற்றே விலகிற்று. ஐந்து துறை மாணவரையும் ஓர் அறையில் அமர்த்தி இரண்டு நாள் பயிற்சி அளித்தனர். முதல் வேலை, கண்மூடி மூச்சைக் கவனிப்பது! 'நோய் தீர்க்கும் கல்வியில் இதற்கென்ன வேலை?' என்று நகைத்தோம். 1979-இல் அமெரிக்காவில் மாசச்சூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் ஜான் கபாட்-சின் என்பவர் இதனை நோயாளிகளுக்கான பயிற்சியாக்கினார். அதன் வேரோ நம் நாட்டில் தோன்றிய பௌத்தத் தியானத்திலும் யோகத்திலும் உள்ளது.

பின்னர் ஒரு கற்பனை நோயாளியைப் பற்றிய தாள்களைத் தந்தனர். இரத்தத்தில் பொட்டாசியம் லிட்டருக்கு 6.8 மில்லிமோல், இயல்பான அளவு ஏறத்தாழ 3.5 முதல் 5 வரை. மருத்துவ மாணவர் விரைந்து மருந்து எழுதலானார். இரத்தம் எடுக்கையில் ஊசி எளிதில் ஏறவில்லை என்ற குறிப்பு செவிலிய மாணவியின் தாளில் மட்டும் இருந்தது. மாதிரியில் சிவப்பணுக்கள் உடைந்திருந்தன என்பது என் தாளில் மட்டும் இருந்தது. அணுக்கள் உடைந்தால் உள்ளிருக்கும் பொட்டாசியம் வெளியேறி, இல்லாத நோயையும் இருப்பதாகக் காட்டும். உண்மை துண்டு துண்டாகக் கிடந்தது!

செவிலிய மாணவி இருமுறை பேச வாயெடுத்துத் தயங்கினார். அதைக் கண்ட மருத்துவ மாணவர் பேனாவைக் கீழே வைத்து, "ஏதோ சொல்ல வந்தீர்களே?" என்றார். மறுபடி இரத்தம் எடுப்பதென்றும், உடனே இதயத் துடிப்பின் வரைபடம் பார்ப்பதென்றும் முடிவாயிற்று. மூச்சைக் கவனித்ததன் பொருள் அப்போது விளங்கியது. அடங்கிய மனத்துக்கே அடுத்தவர் தயக்கம் கண்ணில் படும்.

உலக சுகாதார நிறுவனம் 2008-இல் அறுவைச் சிகிச்சைக்கென 19 குறிப்புகள் கொண்ட பட்டியலை வெளியிட்டது. கத்தி வைக்குமுன் அனைவரும் தம் பெயரையும் பணியையும் கூறவேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. புது தில்லி உள்ளிட்ட எட்டு நகர மருத்துவமனைகளில் பட்டியலைப் பயன்படுத்தியபின் இறப்பு நூற்றுக்கு 1.5-லிருந்து 0.8 ஆகக் குறைந்ததென 2009-இல் ஆய்வுரை வெளிவந்தது. பெயர் சொல்வது மட்டுமே காரணம் அன்று. ஆயினும் பெயர் அறிந்தவரிடம் வாய் திறக்கத் துணிவு பிறக்குமன்றோ?

ஆள் பற்றாக்குறைக்கும் தூக்கமற்ற இரவுகளுக்கும் தியானம் மருந்தாகாது. அவற்றுக்கு வேறு வழி காணவேண்டும். ஆனால் கேட்கும் பழக்கத்தை இன்றே தொடங்கலாம்.

நண்பர்களே! பொங்கலன்று எல்லாத் துறையினரும் ஒரே பந்தியில் அமர்கிறோம். அடுத்த முறை பக்கத்து இலைக்காரரிடம் ஊரை மட்டும் கேளாமல், அவர் பணி என்னவென்றும் கேளுங்கள். நாளை ஓர் உயிருக்கு அது உதவலாம்.