நாகம் எந்த உலோகம்?

அகராதி வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதலில் உலோகச் சொற்களைத்தான் கொடுப்பேன். பார்க்கச் சுலபமாக இருக்கும். பொன் என்றால் தங்கம், இதில் என்ன இருக்கிறது என்று அரை நாளில் சீட்டுக் கட்டை முடித்துக் கொண்டுவந்து வைப்பார்கள். அதைப் பிரித்து மறுபடி அடுக்க ஒரு வாரம் பிடிக்கும். அந்த ஒரு வாரத்தில்தான் தொழில் பிடிபடும்.

பொன்னையே எடுத்துக்கொள்ளுங்கள். சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதியில் தங்கம், உலோகப் பொது, இரும்பு மூன்றும் அந்த ஒரே தலைச்சொல்லின் கீழ் இருக்கின்றன. 931ஆம் குறளில் மீன் விழுங்கும் தூண்டிற்பொன்னுக்குப் பரிமேலழகர் இரும்பு என்றுதான் உரை சொல்கிறார். இரும்பு கரும்பொன், வெள்ளி வெண்பொன். ஆகவே மூலத்தில் வெறுமனே பொன் என்று வந்தால், அதை வைத்து அங்கே என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். தாலியா, தூண்டிலா? பொருள் எண் அதற்கப்புறம்தான்.

நிகண்டுகளைக் கையாள எனக்குக் கற்றுக்கொடுத்தவர் எங்கள் பெரியவர். திவாகரத்தின் 12 தொகுதிகளும் அவருக்கு மனப்பாடம். பக்கம் புரட்டமாட்டார், சொல்லிக்கொண்டே போவார். சூடாமணியைத் திண்ணைப் பள்ளியில் பாடம் செய்த தலைமுறையிடம் படித்தவர். "நிகண்டு விளக்கம் சொல்லாதுப்பா, பேர் மட்டும்தான் சொல்லும்" என்பார். ஒரு பொருளுக்கு வழங்கும் பெயர்களை அது வரிசையாக வைக்கும், அவ்வளவுதான். அந்தப் பொருள் எப்படி இருக்கும், எதோடு சேர்ந்தால் என்னவாகும் என்பதெல்லாம் கேட்பவனுக்கே தெரியும் என்று விட்டுவிடும். நமக்கோ பேர் தெரிகிறது, பொருள் கைவிட்டுப் போய்விட்டது.

அவர் ஒரு சூத்திரத்தை எடுத்தால் முதலில் பென்சிலால் சொல்லுக்குச் சொல் கோடு இழுப்பார். எது பெயர், எது ஓசைக்காக வந்த அசை என்று பிரிக்காமல் சீட்டு எழுத விடமாட்டார். விருத்தத்தில் அடி நிரப்ப வந்த அசையை உலோகத்தின் பெயராக்கிவிட்டால் அது அடுத்த அகராதிக்கும் போய், அதற்கடுத்ததற்கும் போய்விடும். பழைய ஏடுகளில் புள்ளி கிடையாது. ரகரமும் காலும் ஒன்றுபோல இருக்கும். அதனால் பாடபேதம் பார்க்காமல் ஒரு சொல்லையும் அவர் நம்பியதில்லை.

என் மேசையில் அதிக நாள் கிடந்த சீட்டு நாகம். பாம்பு, யானை, மலை எல்லாம் சுலபம், உலோகத்தில்தான் சிக்கல். வடமொழி மருத்துவ நூல்களில் நாகம் காரீயம். சித்த மருத்துவத்தில் நாகம் துத்தநாகம். நாக பற்பம் என்றால் துத்தநாகத்தைப் புடமிட்டது. வங்கம் இன்னொரு தொல்லை. வடக்கே அது வெள்ளீயம். நம்மிடம் கருவங்கம் காரீயம், வெள்வங்கம் வெள்ளீயம். வெறும் வங்கம் என்று வந்தால் கப்பலாகக்கூட இருக்கலாம். இந்த இடத்தில் ஈயம் என்று ஒரே வார்த்தையில் பொருள் எழுதிவிட்டு நகர்கிறவரை நான் விடமாட்டேன். ரசம் வைக்கிற ஈயச் சொம்பு வெள்ளீயம், காரீயம் விஷம். எந்த மரபின் நூல் என்று பொருளுக்குப் பக்கத்திலேயே குறியுங்கள். பொருள் எண்ணையும் பிரித்துப் போடுங்கள். இடம் அடைக்கிறதே என்று மெய்ப்பில் வெட்டச் சொல்வார்கள், வெட்டாதீர்கள்.

சூதத்துக்கு இவ்வளவு பாடு இல்லை. மாமரமும் சூதம், பாதரசமும் சூதம். சமீபத்தில் சேர்ந்த பெண் ஒருத்தி, வைத்திய நூலிலிருந்து எடுத்த சீட்டில் மாமரம் என்று எழுதியிருந்தாள். "மேற்கோளில் பக்கத்துச் சொல் என்னம்மா?" என்றேன். கந்தகம். அவளே அடித்துவிட்டாள். மேற்கோளை ஒரு சொல்லோடு நறுக்காமல் முழு அடியாக எடுக்கச் சொல்வது இதற்காகத்தான்.

பொன்னில் நான்கு வகை சொல்வார்கள்: ஆடகம், கிளிச்சிறை, சாதரூபம், சாம்பூநதம். கிளிச்சிறை என்றால் கிளியின் இறகு நிறத்துப் பொன். வெள்ளி கூடுதலாகக் கலந்த தங்கம் பச்சைச் சாயல் காட்டும் என்பது உண்மைதான். அதைக் கொண்டுவந்து இங்கே ஒட்டவைக்க யாருக்கும் கை துறுதுறுக்கும். ஆனால் வெள்ளி கலந்தது என்று பழைய விளக்கம் சொல்லவில்லையே. நிறத்தோடு நிறுத்துங்கள். கலவை பற்றிய ஊகத்தைக் கட்டுரையாக எழுதிக்கொள்ளலாம், யார் வேண்டாமென்றது?

பேரகராதியில் பொருளுக்குப் பின்னால் அடைப்புக்குள் இருக்கும் குறிகளைப் படிக்காமல் தாண்டுகிறவர்கள் அதிகம். திவா., பிங்., சூடா. என்றால் நிகண்டு. தனி ஆங்கில எழுத்து டபிள்யூ இருந்தால் 1862இல் வந்த வின்சுலோ. அந்த அகராதிக்கான தொகுப்பு வேலை யாழ்ப்பாணத்தில் நைட் பாதிரியார் தொடங்கியது. இலக்கிய மேற்கோள் இல்லாமல் வின்சுலோ மட்டுமே சாட்சியாக நிற்கும் உலோகப் பொருளை வேறு கட்டில் வையுங்கள். அது தவறு என்பதற்காக அல்ல. அது பேச்சில் வழங்கியதாக இருக்கலாம், வைத்தியர் ஒருவரிடமிருந்து வந்ததாகவும் இருக்கலாம். அந்தக் கட்டை எடுத்துக்கொண்டு ஒரு வைத்தியரிடமும் பாத்திரம் வார்க்கிற கன்னாரிடமும் போய் உட்காருங்கள். அவர்கள் சொல்வதை அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே சீட்டின் பின்பக்கத்தில் எழுதுங்கள், முன்பக்கத்தைத் தொடவேண்டாம்.