போனவையாம்

வாடைக்காற்று தொடங்கினால் காங்கேசன்துறைக் கரை முழுக்க நுரை. பஞ்சுபோல் ஒதுங்கும், குனிந்து அள்ளப் போனால் கையில் ஈரம்தான் மிஞ்சும்.

குர்ஆனின் 13ஆம் அத்தியாயத்தின் 17ஆம் வசனம் இந்த நுரையைத்தான் பேசுகிறது. மழை பெய்கிறது. ஓடைகள் தத்தம் அளவுக்கு ஓடுகின்றன. வெள்ளம் நுரையைச் சுமந்து வருகிறது. நகைக்கு உலோகம் உருக்கினாலும் அதே நுரை. பொய் அப்படிப் போய்விடும். மனிதருக்குப் பயன்படுவது நிலத்தில் தங்கும்.

வற்றாத ஆறொன்று இல்லாத ஊர்க்காரனுக்கு அந்தக் கடைசிப் பகுதி சட்டென்று பிடிபடும். யாழ்ப்பாணத்து மழை சுண்ணாம்புக்கல் வெடிப்புகளுக்குள் இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின்மேல் மிதந்து நிற்கிறது. நாம் கிணற்றில் அள்ளுவது அதைத்தான். கீரிமலையில் கடலை ஒட்டிய கேணிக்குள்ளேயே அது ஊறுகிறது.

1990 ஜூனில் யுத்தம் எங்களை ஊரிலிருந்து கிளப்பியது. நகரப் பக்கம் ஒதுங்கி, அடுத்தவர் வீட்டு விறாந்தையில் படுத்துப் பழகிக்கொண்டிருந்தபோது ஒக்டோபர் 30 வந்தது. இரண்டு மணி நேரத்தில் வெளியேறும்படி யாழ்ப்பாண முஸ்லிம்களுக்கு விடுதலைப் புலிகள் கட்டளையிட்டார்கள். வடக்கு முழுவதிலுமாக அந்த மாதம் துரத்தப்பட்டவர்கள் 70,000 பேருக்கு மேல். அவர்கள் வாழ்ந்த சோனகத் தெரு வெறிச்சோடியது. பிறகு கதைகள் கிளம்பின. காட்டிக்கொடுத்தவையாம். அவையளாய்த்தான் போனவையாம். அந்த ஒரு ‘ஆம்’ விகுதிக்குள் எவ்வளவு நுரை! வீட்டை இழந்து வந்திருந்த நானும் ஓரிடத்தில் அப்படிச் சொன்னேன்.

2002 ஏப்ரலில், கிளிநொச்சிப் பத்திரிகையாளர் மாநாட்டில், புலிகளின் அரசியல் ஆலோசகர் அன்ரன் பாலசிங்கமே அந்த வெளியேற்றத்தை அரசியல் தவறு என்று ஒப்புக்கொண்டார். வெளியில் நுரை அடங்கியது.

உள்ளே? குர்ஆனின் 83ஆம் அத்தியாயத்தின் 14ஆம் வசனம், அவரவர் செய்ததே உள்ளத்தில் துருவாகப் படிகிறது என்கிறது. அன்று துரத்தப்பட்டு, புத்தளத்திலிருந்து திரும்பிவந்து பழைய இரும்பு வாங்கும் ஒரு நானாதான் எனக்கு அதைச் சொன்னார். “துருவுக்கு மேல பெயின்ற் அடிச்சு என்ன பிரயோசனம் தம்பி? சுரண்ட வேணும்.” உப்புக்காற்று ஊரில் இதற்கு விளக்கம் தேவையில்லை. அன்று நான் சொன்னதை அவரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, எங்கள் வீட்டுக் கிணறு இறைத்தாயிற்றா என்று கேட்டார்.

யாராவது இன்றைக்கும் உங்களிடம் “அவையளாய்ப் போனவையாம்” என்றால், இல்லை என்று சொல்லுங்கள்.