எந்த வீட்டு சுவிட்சை அணைப்பது?

வீட்டில் மின்சாரத்தைச் சேமித்தால் பூமி வெப்பமாவதைக் குறைக்கலாம் என்று சொல்லும் துண்டறிக்கைகள் எங்கள் பகுதிக்கும் வர ஆரம்பித்துச் சில ஆண்டுகள் ஆகின்றன. சேத்தியாத்தோப்பைச் சுற்றியுள்ள காலனிகளில் வேலை செய்கிறவர்கள் என்பதால் எங்களிடமும் கட்டுக்கட்டாகக் கொடுத்து விநியோகிக்கச் சொல்வார்கள். ஏ.சி.யை 24 டிகிரியில் வையுங்கள், ஃப்ரிட்ஜை அடிக்கடி திறக்காதீர்கள், வாஷிங் மெஷினைத் துணி நிறைந்த பிறகு ஓட்டுங்கள், ஆளில்லாத அறையில் விளக்கை அணையுங்கள். எதுவும் பொய் இல்லை. ஆனால் அதைக் காலனியில் வீடு வீடாகக் கொடுக்கும்போதுதான் சங்கடம். துண்டறிக்கையைப் பேத்தியிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லிக் கேட்ட ஒரு பாட்டி, "இதுல நம்ம ஊட்ல எது இருக்கு?" என்றார். பதில் சொல்ல எங்களுக்குச் சற்று நேரம் பிடித்தது.

அந்தப் பாட்டி வீட்டில் இருப்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தோம். 9 வாட் எல்.இ.டி. பல்பு இரண்டு. ஒரு டிவி. 2011இல் தொடங்கிய விலையில்லாப் பொருள்கள் திட்டத்தில் வந்த மின்விசிறி, இன்னும் ஓடுகிறது. மிக்சி வாரத்துக்கு இரண்டு தடவை சத்தம் போட்டால் அதிகம். விளக்கு ஆறு மணி நேரம், விசிறி பத்து மணி நேரம், டிவி நான்கு மணி நேரம் என்று வைத்துக்கொண்டாலும் இரண்டு மாதத்துக்கு 50 யூனிட்டைச் சுற்றித்தான் வருகிறது. இப்போது ஊரில் ஒரு மாடி வீட்டை எடுத்துக்கொள்வோம். ஒரே ஒரு ஒன்றரை டன் ஏ.சி., மணிக்குச் சராசரியாக ஒரு யூனிட், இரவில் எட்டு மணி நேரம். அது மட்டும் இரண்டு மாதத்தில் 480 யூனிட். ஏ.சி.யில் ஒரு டிகிரி கூட்டி வைத்தால் சுமார் 6 சதவீதம் மின்சாரம் மிச்சமாகும் என்று எரிசக்தித் திறன் பணியகம் சொல்கிறது. அப்படியென்றால் இரண்டு டிகிரி கூட்டி வைத்தால் மிச்சமாவது 57 யூனிட். பாட்டி வீட்டின் மொத்தச் செலவை விட அது அதிகம்! அந்த வீட்டில் ஒரு பட்டனை இரண்டு தடவை அழுத்துவதும், இந்த வீட்டில் இரண்டு மாதம் இருட்டில் கிடப்பதும் பூமிக்கு ஏறத்தாழ ஒன்றுதான்.

அதனால் மின்சிக்கனம் பணக்காரர்கள் சமாச்சாரம், நமக்கு இதில் வேலையில்லை என்று எங்கள் தோழர்களில் சிலர் சொல்கிறார்கள். அதை நாங்கள் ஏற்கவில்லை. எங்கள் பக்கத்தில் மின்சாரம் எங்கோ தூரத்திலிருந்து வருவதில்லை. கிணறு தோண்டும்போது கறுப்பாக ஏதோ வந்தது என்று 1934இல் தொடங்கிய கதை, 1956இல் நெய்வேலி நிறுவனமாகி, 1962இல் மின் உற்பத்தியானது. இன்று இரண்டாவது சுரங்கத்தின் மண்மேடுகள் எங்கள் கிராமங்களின் ஓரத்துக்கு வந்துவிட்டன. பழுப்பு நிலக்கரியில் ஈரம் அதிகம், சூடு குறைவு. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறத்தாழ ஒரு கிலோ எரிய வேண்டும். அது எரிந்து காற்றில் கலக்கும் கரியமில வாயுவும் ஒரு கிலோவுக்குக் குறையாது. ஒரு டன் நிலக்கரியை எடுப்பதற்கு முன் அதன் மேலே இருக்கும் மண்ணை ஐந்தாறு கன மீட்டராவது அள்ளிக் கொட்ட வேண்டும். அடியில் அழுத்தத்தோடு நிற்கும் ஊற்றுநீரை இரவும் பகலும் இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சுரங்கமே மூழ்கிவிடும். அந்த மண்ணும் தண்ணீரும் எங்கள் பகுதியுடையவை. மின்சாரம் தமிழ்நாட்டுக்கும் பக்கத்து மாநிலங்களுக்கும் போகிறது. வீராணம் தண்ணீரும் இங்கிருந்துதான் குழாயில் சென்னைக்குப் போகிறது, அது வேறு கதை.

ஆகவே மிச்சமாகும் ஒவ்வொரு யூனிட்டும் எங்களுக்குத் தோண்டப்படாத ஒரு பிடி மண். எங்கள் ஆட்களுக்குச் சொல்லும்போது துருவத்தில் உருகும் பனியை விட்டுவிட்டு இங்கிருந்துதான் ஆரம்பிக்கிறோம்.

2023 தொடக்கத்தில் ஒன்றிய அரசின் ஏலப் பட்டியலில் 'கிழக்கு சேத்தியாத்தோப்பு' என்ற பெயரும் இருந்தது. ஏப்ரலில் மாநில அரசும் விவசாயிகளும் எதிர்த்ததும், வடசேரி, மைக்கேல்பட்டியோடு அதையும் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் என்ற 2020ஆம் ஆண்டுச் சட்டம் அதற்குக் கைகொடுத்தது. மூன்றே மாதத்தில், ஜூலைக் கடைசியில், பக்கத்து வளையமாதேவியில் பச்சையாக நின்ற நெற்பயிரின் மேல் பொக்லைன் இறங்கியது. பரவனாற்றுக்கு மாற்றுக் கால்வாய் வெட்ட வேண்டுமாம். நிலம் பல ஆண்டுகளுக்கு முன்பே கையகப்படுத்தியது என்பது நிறுவனத்தின் வாதம். அறுவடை வரைக்கும் பொறுத்திருக்கக் கூடாதா என்ற கேள்வி சென்னை உயர் நீதிமன்றம் வரைக்கும் போனது. பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் இழப்பீடு கொடுக்க உத்தரவானது.

நல்லதுதான். அந்த ஏக்கரில் நாற்றுப் பறித்தவர்கள், நட்டவர்கள், களை எடுத்தவர்கள், அறுப்பை எதிர்பார்த்திருந்தவர்கள் யார்? பெரும்பாலும் எங்கள் தெருப் பெண்கள். பயிர் அழிந்த படம் எல்லாத் தொலைக்காட்சியிலும் வந்தது, கூலி அழிந்ததற்குப் படம் கிடையாது. 2013ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தல் சட்டம், அந்த நிலத்தை நம்பி மூன்றாண்டு வேலை செய்த நிலமற்ற தொழிலாளர் குடும்பத்தையும் பாதிக்கப்பட்ட குடும்பம் என்றே சொல்கிறது. ஆனால் யார் வயலில் எத்தனை நாள் குனிந்து நின்றோம் என்பதற்கு யாரிடம் ரசீது இருக்கிறது? அதனால் எந்தப் பருவத்தில், யார் வயலில், என்ன வேலை, என்ன கூலி என்று ஒரு நோட்டில் எழுதி வைக்கும்படி இப்போது சொல்லி வருகிறோம். சிலர் எழுதுகிறார்கள். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் ஒழுங்காக நடக்கிறது.

மின்சாரத்தை எங்களுக்கு ஆகாத பொருளாகப் பேசுவதிலும் எங்களுக்கு உடன்பாடில்லை. 1942 முதல் 1946 வரை வைஸ்ராயின் நிர்வாக சபையில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்த அண்ணல் அம்பேத்கர், மின்சாரத்தையும் கவனித்தார். மலிவாகவும் தாராளமாகவும் மின்சாரம் கிடைக்காமல் தொழில் வளராது, தொழில் வளராமல் இந்த நாட்டின் வறுமை தீராது என்பது 1943இல் அவர் வைத்த வாதம். நிலத்தை மட்டுமே நம்பிக் கிடக்கும் கிராமம் எங்களுக்கு எப்படிப்பட்ட இடம் என்பது அவருக்குத் தெரியும். அவர் சொன்ன தாராளம் எங்கள் காலனிகளுக்கு இன்னும் வந்து சேரவில்லை. வராததைச் சிக்கனம் செய்யச் சொல்வது என்ன நியாயம்?

டிரான்ஸ்பார்மர் ஊர்த்தெருவில் இருக்கும். கம்பி வயலைத் தாண்டி, வாய்க்காலைத் தாண்டிக் காலனிக்கு வரும்போது கடைசி வீட்டில் விசிறி சோம்பலாகச் சுற்றும். 2016 முதல் வீட்டுக்கு 100 யூனிட் இலவசம் என்கிறோம். உண்மையில் அது மீட்டருக்கு 100 யூனிட். தாத்தா பெயரில் உள்ள மனைப்பட்டா பிரிக்கப்படாமல் கிடக்க, அண்ணன் தம்பி மூன்று குடும்பம் ஒரே மீட்டரில் இருந்தால் மூன்றுக்கும் சேர்த்து அதே 100தான். ஆளுக்கு 50 எரித்தாலும் 150 ஆகி, 50க்குப் பணம் கட்ட வேண்டும். தனித்தனி மாடி வீட்டில் ஆளுக்கொரு 100 கிடைக்கிறது. படி ஏற ஏறக் கட்டணமும் ஏறும் முறை நியாயமானதுதான். ஆனால் அது மீட்டரைத்தான் பார்க்கிறது, ஆளைப் பார்ப்பதில்லை.

இனி, நாங்கள் செய்வதைச் சொல்கிறோம். தொகுப்பு வீட்டின் கான்கிரீட் கூரை பகலெல்லாம் வெயிலைக் குடித்துவிட்டு ராத்திரி முழுக்க உள்ளே கக்குகிறது. குண்டு பல்பு போய்விட்ட வீட்டில் இனிச் சேமிக்க இருப்பது இந்தச் சூட்டில்தான். மார்ச் மாதத்தில் கூரையைப் பெருக்கிக் கழுவி, சுண்ணாம்பில் கொஞ்சம் பெவிகால் கலந்து இரண்டு கோட் அடிக்கிறோம். வெள்ளைக் கூரை வெயிலைத் திருப்பி அனுப்புகிறது. உச்சிவெயிலில் மொட்டை மாடியில் வெறுங்காலோடு நிற்க முடிகிறது, ராத்திரி பிள்ளைகள் உள்ளே தூங்குகிறார்கள். ஒரு மழைக்காலம் போனால் மறுபடி அடிக்க வேண்டும், அது ஒரு தொல்லை. விசிறி கெட்டுப்போனால் காயில் கட்டி ஓட்டாமல், முடிந்தவர்கள் பி.எல்.டி.சி. விசிறி வாங்கச் சொல்கிறோம். சாதாரண சீலிங் ஃபேன் 75 வாட் எடுக்கும் இடத்தில் அது 30 வாட்டில் ஓடும். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 30 யூனிட்டுக்கு மேல் மிச்சம். மூன்று குடும்பம் ஒரே மீட்டரில் இருக்கும் வீட்டுக்கு அது கண்ணில் தெரியும் காசு. விலை இரண்டு மடங்கு என்பதால் மகளிர் குழுக் கடனில் இதையும் சேர்க்க முடியுமா என்று கேட்டு வருகிறோம்.

வெயில் எல்லோருக்கும் ஒன்றுதான் என்பார்கள். நூறு நாள் வேலையில் ஏரிக்கரையில் மண் வெட்டுகிறவருக்கும் அந்த வேலையின் அளவைக் குறிக்க வண்டியில் வந்து போகிறவருக்கும் அது ஒன்றாக இருப்பதில்லை. குறைவாக எரிக்கிறவர்கள் மேல்தான் அதிகச் சூடு விழுகிறது. அதனால்தான் இந்த விஷயத்தைத் துண்டறிக்கை அடிக்கிறவர்களிடம் விட்டுவிட்டு ஒதுங்கி நிற்க எங்களால் முடியவில்லை.

அடுத்த கிராம சபைக்கு மூன்று மனுக்கள் தயாராக இருக்கின்றன. காலனிக்குத் தனி டிரான்ஸ்பார்மர். பிரிக்காத பட்டாவைப் பிரித்துக் கொடுத்து, ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனி மீட்டர். தொகுப்பு வீடுகளுக்கு ஆண்டுக்கொரு முறை கூரைச் சுண்ணாம்பு அடிக்க ஊராட்சி நிதி. துண்டறிக்கை இன்னும் ஒரு கட்டு மீதியிருக்கிறது. அதை இந்த வாரம் மாடி வீடுகள் இருக்கும் தெருக்களில் கொடுக்கப் போகிறோம். ஏ.சி. இரண்டு டிகிரிக் கணக்கைப் பின்பக்கத்தில் கையால் எழுதிக்கொண்டிருக்கிறோம்.